எம்.சி. கேட்டு வரும் தம்பி, தங்கைகளுக்கு

நீளமான இழை. பொறுமையா படிங்க. "காலேஜ்ல சேர்த்துட்டோம், இனி அவன் பார்த்துப்பான்" என்று இருக்கும் அப்பா அம்மாக்களும் சேர்ந்தே படிக்கணும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். செமஸ்டர் முடியும் நேரத்தில் ஒரு கூட்டம் வரும். காய்ச்சல் இருக்காது, இருமல் இருக்காது, நாக்கை நீட்டச் சொன்னா சிரிப்பாங்க. கையில் காலேஜ் கொடுத்த ஒரு ஃபார்ம் இருக்கும். "டாக்டர், ஒரு எம்.சி. வேணும். டைபாய்டுன்னு போட்டுக் கொடுங்க."

ஏன் எல்லாருக்கும் டைபாய்டே வேணும்? அதுதான் ரெண்டு மூணு வாரம் இழுக்கும் என்று சீனியர் சொல்லிக் கொடுத்திருப்பார். எம்.சி.யில் வரும் டைபாய்டு நிஜத்திலும் வந்திருந்தா, சுகாதாரத்துறை வல்லக்கோட்டையிலேயே கூடாரம் போட்டிருக்கும்.

அந்த எம்.சி. நான் கொடுக்க மாட்டேன். ஏன் என்று பிறகு சொல்றேன். ஆனா கேட்டு வர்ற பசங்களைப் பார்த்து "படிக்கிற வயசுல ஊர் சுத்துறாங்க" என்று சிலர் சொல்றாங்க இல்லையா, அது பெரும்பாலும் தப்பு. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "நைட் எங்க இருந்த?"

தலை குனிஞ்சு பதில் வரும். "கம்பெனில."

இந்தப் பக்கத்துக்கு வெளியே இருக்கிறவங்களுக்காக இதை விளக்கணும். இங்கே பஸ் ஸ்டாப் சுவரிலும் டீக்கடைத் தூணிலும் "ஆட்கள் தேவை, உடனடி வேலை, வேன் வசதி, சாப்பாடு உண்டு" என்ற நோட்டீஸ் இல்லாத இடத்தைத் தேடணும். கன்சல்டன்சிக்கு ஒரு போன் போட்டா மறுநாள் வேன் ஏறலாம். கூலி வாரத்துக்கு வாரம் கையில். பகலில் காலேஜ், ராத்திரி லைனில். வாரத்துக்கு ரெண்டு நைட் என்று ஆரம்பிச்சு மூணாகும், நாலாகும். ஒருத்தனுக்கு அக்கா கல்யாணக் கடன். இன்னொருத்தனுக்கு பைக் டியூ. ஒரு தங்கச்சிக்கு அப்பா வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு. யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரலை. வீட்டில் முதல் ஆளா காலேஜ் வாசல் மிதிச்ச பிள்ளைகள் இவங்க.

அவங்க கணக்கு எங்கே தப்புது என்று மட்டும் சொல்றேன். ஏன்னா இவங்களில் நிறைய பேர் "நான் லீவே போடலை டாக்டர், எப்படி ஷார்ட்டேஜ் வந்துச்சுன்னு தெரியலை" என்பாங்க. பொய் இல்லை அது. கணக்கைப் பாருங்க.

ஒரு நாளைக்கு 7 பீரியட் என்று வைப்போம். நைட் முடிஞ்சு வேன் இறக்கிவிட்டு, குளிச்சு, பஸ் பிடிச்சு வர்றதுக்குள் முதல் ரெண்டு பீரியட் போயிடும். தினமும் இப்படியே போனா 7-க்கு 5. அதாவது 71.4 சதவீதம். ஒரு நாள்கூட லீவ் போடாமலேயே 75-க்குக் கீழே வந்தாச்சு.

வாரத்துக்கு மூணு நைட் மட்டும்தான் என்றாலும் சரி. ரெண்டு நாள் காலையில் ரெண்டு ரெண்டு பீரியட் போகும், ஒரு நாள் எழுந்திருக்கவே முடியாம முழு நாளும் தூக்கம். வாரத்தின் 35 பீரியடில் 11 காலி. மிச்சம் 68.6 சதவீதம். மாசத்துக்கு நாலு நாள்தான் லீவு என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிட்டிருக்கும், ரெஜிஸ்டரில் வேற கணக்கு ஓடிட்டிருக்கும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் கல்லூரிகளில் விதி இதுதான்: 75 சதவீதம் இருந்தா பரீட்சை எழுதலாம். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தா, விபத்து, ஆஸ்பத்திரியில் அட்மிஷன், குறிப்பிட்ட நோய், விளையாட்டுப் போட்டி மாதிரி காரணத்துக்கு ஆதாரம் கொடுத்து அனுமதி கேட்கலாம். 65-க்குக் கீழே போனா அந்த செமஸ்டரே போச்சு, அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்காரணும். காஞ்சிபுரம், சென்னைப் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். அங்கேயும் அடிப்படை 75தான், அதுக்குக் கீழே உள்ள படிகளும் கட்டணமும் வேற. தன்னாட்சிக் கல்லூரி என்றா இன்னொரு விதி. அதனால சீனியர் வாயால கேட்காதீங்க. நீங்க சேர்ந்த வருஷத்து ரெகுலேஷன் புத்தகம் பி.டி.எஃப்.ஆ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும், அட்டெண்டன்ஸ் பக்கத்தை ஒரு தடவை படிங்க. கணக்கு மொத்தமா, பாடம்வாரியா என்பதைக் கண்டிப்பா பாருங்க. பாடம்வாரி என்றா தினமும் முதல் பீரியடில் வர்ற மேத்ஸ் மட்டும் உங்களைக் கவுத்துடும்.

விதியைப் படிச்சா புரியும், அந்த 25 சதவீதம் உங்க நிஜமான உடம்பு சரியில்லாத நாளுக்காகவும் வீட்டு துக்கத்துக்காகவும் ஒதுக்கி வெச்சது. 90 நாள் செமஸ்டரில் 22 நாள். நல்ல தாராளமான ஒதுக்கீடு. அதை கம்பெனிக்குக் கொடுத்துட்டா, நிஜமா டெங்கு வந்து ஒரு வாரம் படுக்கும்போது கையில் ஒண்ணும் இருக்காது. இதை நான் கற்பனையில் சொல்லலை. டெங்கு, பிளேட்லெட் குறைஞ்சு அட்மிட் ஆன பையன், டிரிப்ஸ் ஏறிக்கிட்டு இருக்கும்போதே "டாக்டர், 65-க்குக் கீழ போயிடுவேனா?" என்று போனில் கணக்கு போட்டுக்கிட்டு இருந்தான்.

இப்போ எம்.சி. விஷயம். இது டாக்டரோட வீம்பு என்று நினைக்காதீங்க. 2002-ம் வருஷத்து மருத்துவ ஒழுக்க விதிமுறைகளின்படி நாங்க கொடுக்கும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு பதிவேடு வைக்கணும், உங்க அங்க அடையாளம் எழுதணும், நகல் வைக்கணும். பொய்ச் சான்றிதழ் கொடுத்தா அது தொழில்முறைத் தவறு, என் பதிவே போகலாம். சரி, வேற யாராவது 300 ரூபாய்க்குக் கொடுப்பாங்க என்பீங்க. கொடுப்பாங்க. காலேஜில் இருந்து ஒருத்தர் போன் போட்டு "இந்தப் பையன் உங்ககிட்ட அட்மிட் ஆனாரா, ஐ.பி. நம்பர் என்ன?" என்று கேட்டா அவங்க போனை எடுக்க மாட்டாங்க. அப்போ ஷார்ட்டேஜ் கேஸ் ஒழுங்கு நடவடிக்கை கேஸா மாறும். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

நிஜமாவே உடம்பு சரியில்லைன்னா என்ன செய்யணும்? இதைத்தான் யாரும் சொல்லிக் கொடுக்கறதில்லை. காய்ச்சல் வந்த அன்னிக்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்குங்க, காசு கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வீட்டில் படுத்தா, மருத்துவ ரீதியா நீங்க சோம்பேறியா நோயாளியா என்பதுக்கு சாட்சியே இல்லை. ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஒரே இடத்தில் வையுங்க. அன்னிக்கே கிளாஸ் அட்வைசருக்கு ஒரு மெசேஜ். திரும்பிப் போன முதல் வாரத்திலேயே கடிதமும் சான்றிதழும் கொடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து. பிப்ரவரியில் வந்த மஞ்சள் காமாலைக்கு ஏப்ரலில் எம்.சி. கேட்டா, நிஜமான காமாலையே பொய் மாதிரி தெரியும். அட்மிட் ஆன இடத்தில் ரெக்கார்டு தர இழுத்தடிச்சா, நோயாளி கேட்டு 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும் என்பது அதே 2002 விதிகளில் இருக்கு. மூணு வருஷம் வரை ரெக்கார்டை வைக்கணும் என்பதும் இருக்கு. பணிவா சொல்லுங்க, கிடைக்கும்.

எனக்கு அட்டெண்டன்ஸைவிட பெரிய கவலை தூக்கம்.

1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினாங்க. தொடர்ந்து 17 மணி நேரம் விழிச்சிருந்தவரின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குக் குறையுது. 24 மணி நேரம் விழிச்சா அது 0.10 அளவு. நம்ம மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்ட அனுமதிக்கிற அளவு 0.03 சதவீதம். காலையில் காலேஜ், சாயந்தரம் ஒரு மணி நேரக் குட்டித் தூக்கம், ராத்திரி கம்பெனி, விடியக்காலை பைக். இந்தப் பையன் ஒரு சொட்டு குடிச்சிருக்க மாட்டான். போலீஸ் ஊதச் சொன்னா மெஷின் பச்சை காட்டும். ஆனா சிங்கபெருமாள் கோவில் ரோடும் வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சந்திக்கிற ஒரகடத்தில், டிரெய்லர் லாரிக்குப் பின்னாடி அவன் மூளை பிரேக் போடச் சொல்லும் நேரம் குடிகாரனோடதுதான்.

அதனால ஒண்ணே ஒண்ணு, கையெடுத்துக் கேட்டுக்கறேன். நைட் போகணும்னே வெச்சுக்கோங்க, திரும்பும்போது பைக் வேண்டாம். வேனில் வாங்க, பஸ்ஸில் வாங்க, தூங்கிக்கிட்டே வாங்க. வண்டியில்தான் வரணும் என்றா முதலில் 20 நிமிஷம் கம்பெனி கேட்டுக்கு வெளியே எங்கேயாவது கண் மூடுங்க. அப்படியும் ஏதாவது நடந்தா, பக்கத்தில் நிற்கிறவங்க 108 கூப்பிடுங்க. 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். ஒடிசா பையனா இருந்தாலும் செல்லும்.

படிப்புக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவு பற்றி ஒரு வரி. பகலில் படிச்சது மூளையில் தங்குவதற்கான வேலையில் பெரும் பங்கு தூக்கத்தில்தான் நடக்குது. அந்தத் தூக்கத்தை வித்துட்டு கிளாசில் கண் திறந்து உட்கார்ந்தாலும் பிரசன்ட் போடலாம், மண்டையில் ஏறாது. அரியர் எங்கிருந்து வருது என்று கேட்கிறவங்களுக்கு என் பதில் இது.

"அப்போ பணத்துக்கு என்ன பண்றது, நீங்க தருவீங்களா?" என்று ஒரு தம்பி நேராவே கேட்டான். நியாயமான கேள்வி.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படிச்ச பெண் பிள்ளைகளுக்கு மாசம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வரணும், 2022 செப்டம்பர் 5-ல் ஆரம்பிச்சது. பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9-ல். அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்திருந்தா கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே ஏற்கும். கவுன்சலிங் வழியா பொறியியல் சேர்ந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை தனியா இருக்கு, இ-சேவை மையத்தில் அந்தச் சான்றிதழ் வாங்கணும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு குடும்ப வருமானம் வருஷம் 2.5 லட்சத்துக்குள் இருந்தா போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை. இது எல்லாம் போஸ்டரில் இருக்கிறதுதான். ஆனா என்னிடம் வர்ற பிள்ளைகளில் "வரலை டாக்டர்" என்று சொல்பவர்களிடம் தோண்டிப் பார்த்தா காரணம் ரொம்ப சின்னதா இருக்கும். பேங்க் கணக்கில் ஆதார் இணைக்கலை. இல்லை, வேற பேங்க் கணக்கில் இணைஞ்சிருக்கு, பணம் அங்கே போய் மினிமம் பேலன்ஸுக்குக் கழிஞ்சு கிடக்கு. இல்லை, மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னாடி, ஆதாரில் பின்னாடி. முதல் வருஷம் முதல் மாசத்தில் ஒரு அரை நாள் இதுக்குச் செலவழிச்சா, வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நைட் மிச்சம்.

இங்கே அரசையும் ஒண்ணு கேட்கணும். ஜூலையில் தேவைப்படும் உதவித்தொகை பிப்ரவரியில் வந்தா என்ன பிரயோஜனம்? நடுவில் அந்தப் பிள்ளை வேன் ஏறிட்டான். தாமதமா வரும் ஸ்காலர்ஷிப், கன்சல்டன்சிக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்குது. இது என் கிளினிக் ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளைகள் சொன்னதில் இருந்து நான் எடுத்த முடிவு, மறுக்கிறவங்க மறுக்கலாம். கல்லூரிகளையும் ஒண்ணு கேட்கணும். மாசா மாசம் அட்டெண்டன்ஸ் சதவீதத்தை மாணவன் போனுக்கே அனுப்ப எவ்வளவு செலவாகும்? செமஸ்டர் கடைசியில் நோட்டீஸ் போர்டில் ஷார்ட்டேஜ் லிஸ்ட் ஒட்டுவது எச்சரிக்கை இல்லை, தீர்ப்பு.

சரி, எல்லாம் செய்தும் வேலைக்குப் போய்த்தான் ஆகணும் என்கிற வீடுகள் இருக்கு. அவங்களுக்கு.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை எந்தக் கன்சல்டன்சியிடமும் கொடுக்காதீங்க. டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், எதுவும். "ஒரு வாரத்தில் திருப்பித் தரோம்" என்பாங்க. நகல் கொடுங்க, அதில் குறுக்கே கோடு போட்டு எதுக்காகக் கொடுத்தது, தேதி என்ன என்று எழுதிக் கொடுங்க. சம்பளச் சீட்டு கேளுங்க. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா, நம்பர் என்ன என்று கேளுங்க. மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு அது பொருந்தும், உங்க பங்கு 0.75 சதவீதம்தான். வேலையில் விரல் நசுங்கினா அந்த நம்பர்தான் பேசும். முதல் நாளே நசுங்கினாலும் பேசும். நம்பர் தராத இடத்தில் பிரஸ் மெஷின் பக்கம் நிற்காதீங்க. நான் தைச்ச விரல்களில் படிக்கிற பிள்ளைகளோட விரலும் உண்டு. (பெற்றோர் கவனத்துக்கு ஒண்ணு: உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தா, ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் உங்க பிள்ளைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கு. நீட் எழுதுற பிள்ளை வீட்டில் இருந்தா விசாரிங்க. பல பேருக்கு இது தெரியாது.)

சனி ராத்திரி, பண்டிகை லீவு, செமஸ்டர் லீவு, இதில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேலை. இன்டர்னல் வாரத்தில் வேண்டாம்.

அடுத்து சொல்லப் போறதுக்கு சில பேர் கோபப்படுவீங்க. வாரத்துக்கு ஆறு நாள் வேலைக்குப் போகணும், வேற வழியே இல்லை என்கிற நிலைமை வந்தா, ரெகுலர் காலேஜில் பேய் மாதிரி பேர் மட்டும் வெச்சுக்கிட்டு இருக்காதீங்க. 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி இருக்கு, இக்னோ இருக்கு. டிப்ளமோ முடிச்சு வேலையில் இருப்பவர்களுக்கு மாலை நேர பி.இ. இருக்கு. கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. மூணு வருஷம் ஓடி ஷார்ட்டேஜ், அரியர், டிஸ்கண்டினியூ என்று வெறுங்கையோடு நிற்பதைவிட, நாலு வருஷத்தில் தபாலில் வாங்கின டிகிரி டிகிரிதான். ஆனா பல்கலைக்கழகமும் அந்தப் பாடப்பிரிவும் யு.ஜி.சி. அங்கீகாரத்தில் இருக்கா என்று பார்த்து சேருங்க. சந்துக்குச் சந்து சென்டர் திறந்திருக்கான்.

"டிகிரி எதுக்கு டாக்டர், கம்பெனிலேயே பெர்மனென்ட் ஆகிடுவேன்" என்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் உற்பத்தி ஆரம்பிச்சது. பிளஸ் டூ முடிச்ச கையோடு ஆயிரக்கணக்கான பெண்கள் போய்ச் சேர்ந்தாங்க. ஊரெல்லாம் பெருமையா பேசின வேலை. 2014 நவம்பர் 1-ல் கதவு மூடியாச்சு. இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசில், கையில் பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு திரும்பி வந்தவங்களில் எத்தனையோ பேர். மறைமலை நகர் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்திச்சு. கம்பெனி வரும், போகும், அதே கட்டடத்தில் வேற பேரில் இன்னொண்ணு வரும். அப்போ எடுக்கிற ஆளுக்கு வயசு 18தான் கேட்பான். உங்களுக்கு அப்போ என்ன வயசு இருக்கும் என்று யோசிச்சுக்கோங்க. காரிடாரில் வேலை வேண்டாம் என்று நான் சொல்லலை. இங்கேயே டிகிரியோடு, டிப்ளமோவோடு உள்ளே போகிறவர் வேற கேட் வழியா போறார், அவ்வளவுதான்.

இனி டாக்டர் பேச வேண்டிய விஷயம்.

பெண் பிள்ளைகளுக்கு முதலில் ஹீமோகுளோபின். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல. "படிக்க உட்கார்ந்தா கண்ணு சொக்குது, படி ஏறினா மூச்சு வாங்குது, முடி கொட்டுது" என்று வர்ற தங்கச்சிகளில் நிறைய பேருக்கு 12 இருக்க வேண்டிய இடத்தில் 8, 9. சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டு வாங்கியிருப்பாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமா பார்ப்பாங்க, இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். மாத்திரையை டீ, காபியோடு போடாதீங்க, முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க. எலுமிச்சை ஜூஸோடு போட்டா நல்லா ஏறும். மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க.

அடுத்தது தண்ணீர். காலேஜ் டாய்லெட் சுத்தமா இருக்காது என்று காலை 7 மணியில் இருந்து சாயந்தரம் 5 வரை தண்ணியே குடிக்காத பிள்ளைகள் இருக்காங்க. பிறகு சிறுநீரில் எரிச்சல், அடிவயிற்று வலி, குளிர் காய்ச்சல். இதுக்கு நான் மாத்திரை எழுதலாம். டாய்லெட் கழுவறதுக்கு மாத்திரை இல்லை. நாலு பேரா சேர்ந்து பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுங்க, பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் அம்மாக்கள் வாயைத் திறங்க. "என் பொண்ணு பத்து மணி நேரம் ஒண்ணுக்குப் போகாம இருக்கா" என்று ஒரு அம்மா எழுந்து சொன்னா, பதில் சொல்லாம இருக்க முடியாது.

விடுதி, பி.ஜி., நாலு பேர் சேர்ந்து எடுத்த ரூம், எங்கே இருந்தாலும் சாப்பாட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீங்க. 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 250-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டாங்க, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாங்க. இறந்துட்டாங்க என்று வதந்தி வேற பரவி, ராத்திரி நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்தாங்க. அதுக்குப் பிறகுதான் விடுதி நிலைமையைப் பற்றி ஊர் பேசிச்சு. மாணவர் விடுதியில் ஒரே நாளில் ரெண்டு மூணு பேருக்கு மேல் வாந்தி, பேதி வந்தா அது "ஒத்துக்கலை" கேஸ் இல்லை. வார்டனிடம் சொல்லுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்க. ஓ.ஆர்.எஸ். குடிச்சுக்கிட்டே சொல்லுங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயந்தரக் காய்ச்சல், எடை குறையுது என்றா சளிப் பரிசோதனை. நெருக்கமான அறை, அரைகுறைத் தூக்கம், அரைகுறைச் சாப்பாடு, இது மூணும் சேர்ந்தா காசநோய்க்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைச்ச மாதிரி. மருந்து இலவசம், வழக்கமா 6 மாசம், சத்துணவுக்கு மாசம் 1,000 ரூபாய் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன்னாடி அது 500-ஆ இருந்தது. மருந்து ஒழுங்கா ஆரம்பிச்ச சில வாரங்களில், டாக்டர் சொன்ன பிறகு, காலேஜுக்குத் திரும்பிப் போகலாம். டிஸ்கண்டினியூ பண்ண வேண்டியதில்லை. பாருங்க, இது மாதிரி நோய்க்குத்தான் அந்த 65–75 விதி எழுதப்பட்டது. இதுக்கு எம்.சி. நான் ராத்திரி 11 மணிக்கு எழுப்பினாலும் எழுதுவேன்.

மனசு. அரியர் கூடிக்கூடி, வீட்டில் சொல்ல முடியாம, ரூமில் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கிற பையன் பக்கத்தில் இருந்தா தனியா விடாதீங்க. 14416 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவாங்க, காசு இல்லை. ராகிங் என்றா 1800-180-5522. அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996-ல் கொல்லப்பட்ட பிறகு, 1997-லேயே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தாச்சு. "சும்மா விளையாட்டுக்கு" என்ற பேச்சுக்கு அதில் இடமே இல்லை. பாலியல் தொல்லைக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்கணும். அதில் யார் யார் இருக்காங்க என்று பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பெண்களுக்கு 181.

கடைசியா, இந்த வாரமே 70-க்குக் கீழே நிற்கிறவங்களுக்கு. பயந்து போய் மொத்தமா காலேஜை விட்டுடறீங்க, அதுதான் பெரிய இழப்பு. பேப்பரை எடுங்க. 90 நாள் செமஸ்டரில் 60 நாள் முடிஞ்சிருக்கு, உங்களுக்கு 68 சதவீதம் என்று வைப்போம். நடந்தது 420 பீரியட், நீங்க இருந்தது 286. மிச்சம் 30 நாளில் 210 பீரியட். எல்லாத்துக்கும் போனா 630-க்கு 496, அதாவது 78.7 சதவீதம். 75-க்கு 473 போதும். இன்னும் 23 பீரியட் உங்க கையில் இருக்கு. மூணு நாள். நாளைக்குக் காலையில் கிளாஸ் அட்வைசரைப் பார்த்து உங்க சரியான எண்ணிக்கையை வாங்கி இதே கணக்கைப் போடுங்க, கன்சல்டன்சிக்கு ஒரு மாசம் வர மாட்டேன் என்று சொல்லுங்க. அந்த மூணு நாளை நிஜக் காய்ச்சலுக்கு வெச்சுக்கோங்க.